சொந்த ஊரில் ஒரு சுற்றுலாப் பயணி

ஃப்ளோரென்டினா கொனேசாவுக்குக் கப்பலில் போக வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. கார்த்தஹேனா துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் அவள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கப்பல் என்பது அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. வரும், போகும், ஊதும். அதற்குள் போய் உட்கார வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் கணவன் ஹினேஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவர்கள் குடியேறியிருந்த பார்சலோனாவிலேயே இருக்கும் மகள் மாரிபெல் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஒன்பது வருஷமா என் பிள்ளைங்களையே பாத்துட்டு இருக்கம்மா. ஒரு வாரம் உன்னை யாராவது பாத்துக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் எப்படி மறுப்பது?

எந்தெந்த ஊரில் கப்பல் நிற்கும் என்று ஃப்ளோரென்டினா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் மறுநாள் விவரம் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'நாளை: கார்த்தஹேனா. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தட்டுக்கு அடியில் செருகினாள். எதிரே ஹினேஸ் வாழ்நாளில் இல்லாத கவனத்தோடு ஒரு இறாலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஹினேஸ்."

"இந்த இறால் அவ்வளவு புதுசு இல்ல, பாத்தியா."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கப்பல் எங்க நிக்கும்னு."

"கப்பல் அது போற இடத்துக்குத்தான் போகும். நான் என்ன ஸ்டியரிங்கையா பிடிச்சுத் திருப்ப முடியும்?"

"நான் இறங்க மாட்டேன்."

"இறங்காத. நான் இறங்குவேன். ஊரைச் சுத்திக் காட்டுற பஸ்ல எடம் போட்டிருக்கேன்."

"பொறந்து அம்பது வருஷம் குப்பை கொட்டின ஊரை பஸ்ல போய்ப் பாக்கப் போறியா?"

"அவங்க சரியாச் சொல்றாங்களான்னு பாக்கணும்ல" என்றான் ஹினேஸ், இறாலை வாயில் போட்டுக்கொண்டு.

அவள் இறங்க மாட்டேன் என்றதற்குக் காரணம் ஊர் இல்லை. ஊரிலிருக்கும் ஒரு கடை. அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் ஒருத்தி.

மீன் மார்க்கெட்டுக்குப் போகும் சின்னத் தெருவின் முனையில் இருக்கிறது ரோசிக்கே பேக்கரி. ஃப்ளோரென்டினா இருபத்துநான்கு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, விஸித்தாசியோன் என்ற இன்னொருத்தி ஏற்கெனவே ஒரு வருஷமாக அங்கே இருந்தாள். ஊர் அவளை விஸி என்றது, இவளை ஃப்ளோரென் என்றது. அடுத்த இருபத்தேழு வருஷம் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச அந்தக் கடையில் நின்றார்கள். விஸிக்கு வாய், ஃப்ளோரெனுக்குக் கை. வாடிக்கையாளர் எதை வாங்க வேண்டும் என்று விஸி அவரோடு சண்டை போட்டு முடிவு செய்வாள். முடிவானதை ஃப்ளோரென் தட்டில் அடுக்கி, தாளைச் சுற்றி, நூலால் கட்டி, விரலை நுழைத்துத் தூக்கிக்கொண்டு போக ஒரு வளையமும் போட்டுக் கொடுப்பாள். அந்தக் கட்டு ஊர் மலைமேலிருக்கும் கோட்டை வரை நடந்து போனாலும் அவிழாது. ஒருத்திக்கு ஜலதோஷம் பிடித்தால் இன்னொருத்தி தும்முவாள் என்று தெருவில் சொல்வார்கள்.

முதலாளி ரோசிக்கேவுக்கு வாரிசு கிடையாது. முழங்கால் வலி அதிகமானதும் ஒருநாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "நீங்களே எடுத்து நடத்துங்க. எனக்கு மாசா மாசம் வாடகை வந்தாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. எந்தத் தட்டு எங்கே, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பது, சுவருக்கு என்ன வர்ணம். விஸிக்குப் பச்சை வேண்டும். ஃப்ளோரெனுக்கு வெண்ணெய் நிறம். கடைசியில், பாதி பாதி அடித்துத் தொலைக்கலாம் என்று சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஒரு வியாழக்கிழமையும் குறித்தாயிற்று.

அந்த வியாழனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரே வாரத்தில் இரண்டு செய்தி வந்தது. ஹினேஸ் வேலை பார்த்த வெல்டிங் காண்ட்ராக்ட் கம்பெனியில் ஆட்குறைப்பு. அவன் பெயர் பட்டியலில் இருந்தது. பார்சலோனாவில் மாரிபெல்லுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை; படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் அங்கேயே ஒரு கிடங்கில் மாமனாருக்கு வேலை பார்த்து வைத்தான். போவது என்று முடிவாயிற்று. வேறு வழியும் இல்லை.

விஸியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை சொல்லலாம் என்று போனாள். அன்று விஸி புதுத் தட்டுகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் சொல்லலாம் என்றால் அன்று விஸிக்குப் பல்வலி. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரமும் கரைந்தது. வியாழக்கிழமை விஸி நோட்டரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். ஃப்ளோரென் உள்ளே போகவில்லை. வெள்ளிக்கிழமை மீன்காரர் மனைவி மூலம் சேதி சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை ரயில் ஏறிவிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. கொலையுமில்லை, களவுமில்லை. ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை, உறவில் சாவு என்று ஊருக்கு வந்தபோது, அந்தத் தெருமுனையைத் தாண்டாமலிருக்க மூன்று தெரு சுற்றிப் போனாள். பல தடவை தொலைபேசியில் எண்ணை ஒற்றி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். விஸி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஹினேஸ் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா எல்லாம் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். ஃப்ளோரென் மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்தாள். ஊர் எதிரே கிடந்தது, கைநீட்டினால் எட்டும் தூரத்தில். எந்த வீட்டு மாடியில் யார் துணி காய்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அப்போது சிவப்புத் தொப்பி ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தது. அர்ஜென்டினாவில் ரோசாரியோ என்ற ஊரிலிருந்து வந்திருக்கும் நெலிதா. எழுபது வயது, கணவர் இல்லை, பையன் மட்டும். கப்பல் கிளம்பிய நாளிலிருந்து ஃப்ளோரெனோடும் ஹினேஸோடும் ஒட்டிக்கொண்டவள். பேச ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்துவாள்; இவர்களுக்கு எந்த ஊர் என்று கேட்க அவளுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

"என்னம்மா, இன்னும் செருப்போட உக்காந்திருக்கீங்க? போய் ஷூவை மாட்டிட்டு வாங்க. நடக்கணும்."

"நான் இறங்கலை நெலிதா. தலைவலி."

"தலைவலிக்கு மருந்து இந்த ஊர்லதான் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கப்பல்ல வந்தேன். இங்க ஒரு பேக்கரி. அந்தக் கடைக்குத் திரும்பப் போகணும்னுதான் இந்தத் தடவை கப்பலே ஏறினேன். என் பையன்கிட்ட சொல்லிடாதீங்க, கிழவிக்குப் புத்தி பெரண்டுபோச்சும்பான்."

ஃப்ளோரென் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இங்க எத்தனையோ பேக்கரி இருக்கும்."

"இருக்கட்டுமே. இந்த அம்மா மாதிரி இன்னொருத்தி இருக்க மாட்டா. நான் எலுமிச்சை கேக் கேட்டேன். 'கடல் கடந்து வந்து எலுமிச்சை கேக்கா, வெக்கமா இல்ல'ன்னு திட்டி, வேற எதையோ கையில திணிச்சு அனுப்பிட்டா. அப்பவே எனக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு. இருங்க, போட்டோ இருக்கு."

நெலிதா தொலைபேசியைத் துழாவி நீட்டினாள். படத்தில் விஸி நின்றாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. முகத்தின் கடுகடுப்பு மட்டும் அப்படியே. ஃப்ளோரென் படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். விஸிக்குப் பின்னாலிருந்த சுவர் சரியாக நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் வெண்ணெய் நிறம்.

"இந்தச் சுவரு..." என்றாள்.

"ஆமா, பாருங்களேன் கூத்தை. நான்கூட ஏன் இப்படின்னு கேட்டேன். பெயிண்ட் தீந்துபோச்சுன்னா."

ஃப்ளோரென் எழுந்து அறைக்குப் போய் ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள்.

நெலிதாதான் வழிகாட்டி. கையில் வரைபடம். பளிங்குத் தரை போட்ட கடைத்தெரு வரை ஒழுங்காகப் போனாள். அதற்குப் பிறகு வலதுபக்கம் திரும்பினாள்.

"இடது பக்கம்" என்றாள் ஃப்ளோரென்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசனை வருது."

நெலிதா மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்த்தாள். பெட்ரோல் வாடைதான் வந்தது. இருந்தாலும் இடதுபக்கம் திரும்பினாள். அடுத்த முனையிலும் அதே கதை. மூன்றாவது முனையில் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இவள் பின்னால் பேசாமல் வந்தாள்.

அன்றைக்கு இரண்டு கப்பல் வந்திருந்தது. வரிசை கடைக்குள் அடங்காமல் தெருவுக்கு வந்து நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தார்கள். ஃப்ளோரென் வரிசை அருகே வந்ததும், வரிசையில் சேருகிறவர்கள் அந்த ஊரில் கேட்பதை யோசிக்காமலே வாய் கேட்டது:

"கடைசி யாரு?"

"நான்தான்" என்று கைத்தடி ஊன்றிய ஒருவர் திரும்பினார். எலாதியோ ஐயா. மருந்துக்கடை வைத்திருந்தவர், தினமும் பதினோரு மணிக்கு இரண்டு ரொட்டி வாங்குபவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஃப்ளோரெனா? நீ செத்துட்டதாச் சொன்னாங்களேம்மா."

"யாரு சொன்னா?"

"விஸிதான்."

நெலிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு இந்த ஊரா?" என்று கேட்டாள்.

வரிசை நகர நகர, ஃப்ளோரென் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக நெலிதா வாய் திறக்காமல் கேட்டாள். முடிந்ததும், "அப்ப நான் உங்களைக் கூட்டிட்டு வரல. நீங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

விஸி ஃப்ளோரெனைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த இடுக்கி ஒரு கணம் அந்தரத்தில் நின்றதிலிருந்து அது தெரிந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல அடுத்தவருக்கு எடுத்துப் போட்டாள். கடையில் அவள் மட்டும்தான் இருந்தாள். வலது மணிக்கட்டில் பட்டி சுற்றியிருந்தது.

நெலிதாவின் முறை வந்தது.

"ரோசாரியோ அம்மா" என்றாள் விஸி. "எலுமிச்சை கேக் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவங்கதானே?"

"ஆமா. இந்தத் தடவை நீங்க குடுக்கிறதை வாங்கிக்கிறேன்."

"அறிவு வந்துருச்சு" என்று இறைச்சி அடைத்த பஃப்ஸ் நான்கை எடுத்து வைத்தாள்.

அடுத்தது ஃப்ளோரென். விஸி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். மொழி தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுவதுபோல, குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிட்டுப் பிட்டு வைத்தாள்.

"வாங்க. நீங்க... எந்த... ஊரு?"

எலாதியோ ஐயா ரொட்டியை வாங்கிய பிறகும் நகரவில்லை. ஃப்ளோரெனுக்கு முகம் சுட்டது. ஆனாலும் இது தனக்கு வரவேண்டியதுதான் என்று தோன்றியது.

"கோர்னெயா. பார்சலோனா பக்கம்."

"ரொம்ப... தூரம். எங்க ஊருக்கு... மொதல் தடவையா?"

"இல்ல. முன்னாடி இருந்திருக்கேன்."

"அப்படிங்களா. நெறையப் பேர் வர்றாங்க, போறாங்க. எல்லாரையும் ஞாபகம் வெச்சுக்க முடியறதில்ல." விஸி கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாகத் தட்டிச் சுட்ட, சிவப்பேறிய ஒரு ரொட்டியை எடுத்துக் கண்முன் நீட்டினாள். "இது... கிரெஸ்பியோ. உப்பா... இருக்கும். கடிச்சா... நொறுங்கும். மாவு. ஆலிவ் எண்ணெய். சிவப்பு மிளகாய்ப்பொடி. தண்ணி விட்டுப் பிசையணும். புரியுதுங்களா?"

"தண்ணியா?" என்றது ஃப்ளோரெனின் வாய், அவளைக் கேட்காமலே. "எப்பலேருந்து தண்ணி? வெள்ளை வைன்லதான் பிசையணும், தண்ணி விட்டா மறுநாள் அட்டை மாதிரி ஆயிடும்னு இருபத்தேழு வருஷமா நீதானடி கத்தின."

எலாதியோ ஐயா சிரிப்பை இருமலாக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தேவிட்டார். விஸி சிரிக்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"ஒன்றரை மணி நேரம்டி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. 'நீங்க' போய்விட்டது. "ஒன்றரை மணி நேரம் அங்க உக்காந்திருந்தேன். அந்த குமாஸ்தா ரெண்டு தடவை காபி கொண்டுவந்து குடுத்தான். மூணாவது தடவை என் மூஞ்சியைப் பாத்துப் பரிதாபப்பட்டு பிஸ்கெட் குடுத்தான். பேக்கரிக்காரிக்கு பிஸ்கெட்டு."

"நான் வந்தேன் விஸி."

"எங்க வந்த?"

"வாசல் வரைக்கும். கண்ணாடி வழியா உன்னைப் பாத்தேன். உன் தங்கச்சியோட நீலக் கோட்டு போட்டிருந்த. பேனாவை முன்னாடியே எடுத்து மடில வெச்சிருந்த. உள்ள வந்து, உன் முகத்தைப் பாத்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. திரும்பிப் போயிட்டேன்."

விஸி அவளையே பார்த்தாள். "இதைச் சொன்னா எனக்கு மனசு ஆறும்னு நெனச்சியா? நீ வரவே இல்லன்னாவது இருந்திருக்கலாம். வந்து, பாத்துட்டுப் போயிருக்க."

"ஆறும்னு சொல்லலை. போனது தப்பில்ல, போகத்தான் வேண்டியிருந்துச்சு. உன்கிட்ட சொல்லாமப் போனது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். பலகாரம் வாங்க வரலை."

வெளியே நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர், உள்ளே ஏன் ஒன்றும் நகரவில்லை என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். விஸி இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"அடுத்து யாரு?"

ஃப்ளோரென் ஒதுங்கி நின்றாள். நெலிதா சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினாள். ஃப்ளோரென் போகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாசலில் திரும்பிவிட்டவள், இந்த வாசலிலும் திரும்பக் கூடாது என்று பிடிவாதமாகச் சுவரோரம் நின்றாள். என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. கால் வலித்தது.

இரண்டு பேர் வாங்கிப் போனார்கள். மூன்றாவதாக வந்த அம்மாள் ஒரு பெரிய தட்டு நிறைய இனிப்பு கேட்டாள். விஸி அடுக்கிவிட்டாள். தாளைச் சுற்றினாள். பட்டி போட்ட கையால் நூலை இழுத்துக் கட்டினாள், முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள், தாள் வாயைப் பிளந்தது. வரிசை முழுக்க அவள் கையையே பார்த்தது.

விஸி திரும்பாமலே சொன்னாள்: "அங்க நின்னு சுவரை எதுக்குத் தாங்கிட்டிருக்க? அது ஒன்பது வருஷமாத் தானாத்தான் நிக்குது."

சொல்லிவிட்டு நூற்கண்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே இந்தப் பக்கம் உருட்டிவிட்டாள்.

ஃப்ளோரென் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்திலிருந்த மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் மூச்சு விட முடியவில்லை. விஸி வாயால் விற்றாள், ஃப்ளோரென் கையால் கட்டினாள். இடையில் அடுப்பு மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி இடித்துக்கொண்டார்கள். நெலிதா ஒரு முக்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "கடைசி யாருன்னு கேளுங்க, கேக்காம நிக்காதீங்க" என்று தன் ஊர் இழுவையில் அதட்டினாள். மொழி புரியாதவர்களும் புரிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள்.

இரண்டு மணிக்குக் கடைக்கதவைப் பாதி இறக்கினார்கள். பின்கட்டில் மூன்று பேருமாக உட்கார்ந்து, உடைந்த கிரெஸ்பியோக்களையும் நெத்திலியையும் தக்காளியையும் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"கையில என்ன?" என்று கேட்டாள் ஃப்ளோரென்.

"வயசு." விஸி ஒரு துண்டைக் கடித்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மொத வருஷம் இந்தக் கடை எனக்கு ஒருத்திக்கே சோறு போடலை. நீயும் இருந்திருந்தா கிறிஸ்மஸுக்குள்ள நாம ரெண்டு பேரும் முடியைப் பிடிச்சுக்கிட்டிருப்போம்."

"அப்ப நான் போனது..."

"நல்லதாப் போச்சுன்னு சொல்லாத. அதைச் சொல்றதுக்கு உனக்கு உரிமை இல்ல. எனக்குத்தான் இருக்கு. நான் சொல்ல மாட்டேன்."

"சரி."

"உன் கதை என்ன?"

ஃப்ளோரென் சொன்னாள். இரட்டையர்கள் ஓடத் தொடங்கிய பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடையில் ரொட்டி விற்கிற வேலைக்குப் போனாள். ரொட்டி உறைந்த கட்டையாக லாரியில் வரும். "மெஷின்ல வெச்சு, மணி அடிச்சா எடுக்கணும். அவ்வளவுதான். அந்த ரொட்டிக்கு நான் யாருன்னே தெரியாது." பிள்ளைகளுக்கு எட்டரை வயதாகிறது. தெருவில் பாட்டி கையைப் பிடித்தால் கூச்சப்படுகிறார்கள்.

"சுவரு?" என்று கேட்டாள் கடைசியில். "பெயிண்ட் தீந்துபோச்சாமே."

விஸி நெத்திலியின் முள்ளை எடுப்பதில் மும்முரமானாள். "ஆமா. தீந்துபோச்சு."

நெலிதா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பஃப்ஸை வைத்து அடைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணி வாக்கில், ஃப்ளோரென் கையைக் கழுவும்போது விஸி சொன்னாள்: "லொரேத்தோன்னு ஒரு பொண்ணு இங்க வேலை பாக்குறா. மாசமா இருக்கா, இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. ஆகஸ்ட்லேருந்து வர மாட்டா. கிறிஸ்மஸ் சமயத்துல புது ஆளைப் பழக்க எனக்குப் பொறுமை கிடையாது."

"ஊர்ல ஆளா இல்ல?"

"இருக்காங்க. அவங்க எல்லாம் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே. காரணமில்லாம எப்படித் திட்டறது?"

ஃப்ளோரெனுக்கு அப்போதே சரி என்று சொல்ல வந்தது. பழைய ஃப்ளோரென் சொல்லியிருப்பாள். இவள் துண்டில் கையைத் துடைத்து, அதை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப நான் சரின்னு சொல்ல மாட்டேன் விஸி. ஹினேஸ்கிட்டயும் மாரிபெல்கிட்டயும் பேசணும். ஞாயித்துக்கிழமை உனக்கு போன் பண்றேன். முடியும்னாலும் பண்றேன். முடியாதுன்னாலும் பண்றேன்."

விஸி அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "மத்தியானம் தூங்குவேன்" என்றாள். "ஆறு மணிக்கு மேல பண்ணு."

கப்பலடியில் ஹினேஸ் வெயிலில் சிவந்துபோய் நின்றிருந்தான். பஸ்ஸில் வழிகாட்டிப் பெண் சொன்ன மூன்று தேதியைத் திருத்தினானாம். நான்காவது தடவை வாயைத் திறந்தபோது அந்தப் பெண் மைக்கையே அவன் கையில் கொடுத்துவிட்டாளாம். கப்பல் கட்டும் தளத்தில் தான் எந்தெந்தக் கப்பலுக்கு எங்கெங்கே வெல்டிங் வைத்தான் என்று முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறான். இறங்கும்போது எல்லாரும் கைதட்டினார்களாம். இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் விரலில் தொங்கிய பொட்டலத்தைப் பார்த்தான்.

"யாரு கட்டினது?"

"நான்."

ஹினேஸ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றான். "அந்த வழிகாட்டிப் பொண்ணு, வாரத்துல ஒருநாள் வந்து பேசுவீங்களான்னு கேட்டா" என்றான். அது உண்மையா, அவனாகக் கட்டிச் சொன்னதா என்று ஃப்ளோரெனுக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மாரிபெல்லிடம் பேசினாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "லீவுக்குப் பசங்களை அனுப்பலாமாம்மா? கடல்ல குளிக்கட்டும்" என்றாள். ஆறு அடித்துப் பத்து நிமிஷத்தில் ஃப்ளோரென் எண்ணை ஒற்றினாள். இந்தத் தடவை மணி முழுதாக ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"தூங்கலையா?" என்றாள் ஃப்ளோரென்.

"என்ன முடிவு, அதைச் சொல்லு."

"வர்றேன்."

ஆகஸ்டில் ஒரு பெட்டியோடு வந்தாள். முதல் நாள் காலையில் தட்டுகளை அவள் பழையபடி மாற்றி அடுக்க, விஸி பதினோரு மணி வரை பேசவில்லை. எலாதியோ ஐயா வந்து, இரண்டு ரொட்டியை யார் கையிலிருந்து வாங்குவது என்று தெரியாமல் தவித்தார். மூன்று வாரம் கழித்து ஹினேஸும் வந்து சேர்ந்தான், கடையில் குழாய் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு. கோடை விடுமுறை முடிவதற்குள் இரட்டையர்கள் வந்து இரண்டு வாரம் இருந்தார்கள். போகும்போது இரண்டு பேருக்கும் விஸி வாயிலிருந்து வரும் வசவு அத்தனையும் மனப்பாடம்.

டிசம்பர் முடிந்தது. யார் எப்போது திரும்பிப் போவது என்ற பேச்சை இரு பக்கமும் எடுக்கவில்லை. லொரேத்தோ கைக்குழந்தையோடு வந்து பார்த்துவிட்டு, வேலைக்கு எப்போது வரட்டும் என்று கேட்டாள். "பிப்ரவரில வா. மூணு பேருக்கும் வேலை இருக்கு" என்றாள் விஸி, ஃப்ளோரெனின் பக்கம் பார்க்காமல்.

ஜனவரி ஆறு, மூவரசர் திருநாள். அதற்கு முந்தின இரண்டு நாளும், உள்ளே பொம்மை வைத்த வளைய ரொட்டி வாங்க ஊரே கடையில் நின்றது. அன்றைக்குப் பகல் மூன்று மணிக்குக் கடைசி ரொட்டியும் போய்க் கதவை இறக்கியதும், இரண்டு பேரும் அப்படியே பின்கட்டில் சரிந்தார்கள். கால்கள் பன்னாக உப்பியிருந்தன. ஹினேஸ் வெந்நீர் காய்ச்சி, ஓரமாய்க் கழித்துப் போட்டிருந்த பழைய மாவுத் தொட்டியில் ஊற்றி, உப்புப் போட்டுக் கொடுத்தான். நான்கு கால்களும் அதற்குள் இறங்கின.

"தள்ளிக்கோ" என்றாள் விஸி, கண்ணை மூடிக்கொண்டே. "உன் கால் பெருசு."

ஃப்ளோரென் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.